நோர்மாவின் பரங்கி

தோட்டம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் பத்து எட்டு வைத்தால் கம்பிவேலி இடிக்கும். அந்தத் துண்டு மண்ணில்தான் எர்மெலிந்தாவின் மகள் நோர்மா ஐந்து கோடைகள் பாடுபட்டு ஒரு பரங்கியைத் தேர்ந்து எடுத்திருந்தாள். சாம்பல் தோல், ஒரு வேளைக் குழம்புக்கு ஒரு காய், வெந்தால் மாவாகக் கரையும்.

வேலிக்கு அந்தப் பக்கம் எர்மெலிந்தாவின் கொழுந்தன் ஃப்ளோரிந்தோ கடை விதையில் பானை பானையாகக் காய்க்கும் பரங்கி போடுவான். தேனீக்கு வேலி ஏது? அதனால் நோர்மா மாலையில் பூவின் வாயைக் கம்பளி நூலால் கட்டுவாள். விடியலில் அவிழ்த்து, தன் செடியின் ஆண்பூவைத் தேய்த்து, மறுபடி கட்டிவிடுவாள்.

"பூவுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிற. பந்தி எப்போ மகளே?" என்று ஃப்ளோரிந்தோ வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

நோர்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருஷம் பூவைக் கட்ட ஆளில்லை. காய் பழையபடியே சாம்பல் நிறத்தில் வந்தது. எர்மெலிந்தா நம்பி விதை எடுத்து வைத்தாள். பூவில் நடந்த கலப்பு காயில் தெரியாது, விதைக்குள் ஒளிந்திருக்கும் என்பது பாவம், அவளுக்குத் தெரியாது. அடுத்த கோடையில் வெளுத்த, தண்ணீர்க் காய்கள் வந்தபோதுதான் புரிந்தது.

மிச்சம் இருந்தது, நோர்மா தன் கையால் எடுத்து டப்பாவில் வைத்த பத்தொன்பது விதைகள். இன்னும் ஒரு வருஷம் வைத்தால் முளைக்குமோ என்னவோ. விதைத்தால் பூவைக் கட்ட வேண்டும். விரல் மூட்டெல்லாம் வீங்கி, சட்டைப் பொத்தான் போடவே திணறுகிறவள் பூவை எங்கே கட்டுவது? மகளின் பரங்கி தன்னோடு அழிந்துவிடக் கூடாது. அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

வசந்தம் பிறந்ததும் கடற்கரைப் பக்கம் மாபுச்சே பழங்குடிச் சனங்கள் கூடி விதை மாற்றிக்கொள்ளும் நாள் வந்தது. நாலு மணி நேரம் பஸ்ஸில் போனாள். அங்கே காசு செல்லாது. விதைக்கு விதை, அதோடு அது வளர்ந்த கதை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் கிடையாது.

ஏரித் தீவிலிருந்து வந்த சுனில்தாவின் விரிப்பில் கறுப்புப் பட்டாணி, புள்ளி பீன்ஸ், ஊதா உருளை எல்லாம் இருந்தன. எர்மெலிந்தா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"இதுல எது பக்கத்து வீட்டுச் செடியோட கலக்காது, தங்கச்சி?"

"பட்டாணி எடுத்துக்கோங்கக்கா. அது தன் பாட்டுக்குக் கிடக்கும்."

"உங்க தீவுல பரங்கி யாராச்சும் போடுறாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. கோழிதான் மேயுது."

எர்மெலிந்தா டப்பாவை அப்படியே அவள் கையில் கவிழ்த்தாள். மகளின் கதையையும் சொன்னாள்.

சுனில்தா பதறினாள். "முழுசா குடுக்காதீங்கக்கா, பாதியாச்சும் வச்சுக்கோங்க."

"எங்கிட்ட இருந்தா கெட்டுடும்மா."

மறுநாள் எர்மெலிந்தா, சுனில்தா கொடுத்த பட்டாணியை ஊன்றிக்கொண்டிருந்தபோது ஃப்ளோரிந்தோ வேலியருகே வந்தான்.

"என்ன அண்ணி, இந்த வருஷம் பரங்கி இல்லையா?"

"குடுத்துட்டேன். எல்லாத்தையும்."

"ஏன்?"

"உன் செடியோட கலந்து போகுது. அதான்."

அவன் முகத்தில் சிரிப்பு அற்றுப்போனது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போடாம இருந்திருப்பேனே அண்ணி. எனக்கும் மகதானே அவ."

எர்மெலிந்தா மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவனிடம் கேட்கலாம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சிரிப்பான் என்றே நினைத்துவிட்டாள். செத்த வீட்டில் இவன் தேம்பித் தேம்பி அழுததைக் கண்ணால் பார்த்தவள்தான் அவள்.

"நாலு மணி நேரம் பஸ்ஸுல போனேனே," என்றாள். "இந்த வேலிகிட்ட வரத் தெரியலையே எனக்கு."

ஃப்ளோரிந்தோ வேலிக் கம்பியைத் தாழ்த்தினான். இந்தப் பக்கம் வந்து, அவள் மடியிலிருந்த பட்டாணியை ஒரு பிடி அள்ளி, ஒவ்வொன்றாக ஊன்ற ஆரம்பித்தான்.