இருபத்தொரு கம்பி

வேலப்பனுக்கு இடது கையில் இரண்டரை விரல் போனது எழுபத்து நாலாம் வருஷம். தேயிலை உருட்டும் ரோலரில் இலை அடைத்துக்கொண்டது. தள்ளிவிடலாம் என்று கையை விட்டான். ரோலருக்கு இலை எது, விரல் எது என்று தெரியாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் முழுசாகப் போயின, நடுவிரலில் பாதி மிஞ்சியது. தோட்டத் துரை வந்து பார்த்தார், ஆஸ்பத்திரிக்கு ஜீப் கொடுத்தார், திரும்பி வந்ததும் இலை உலர்த்தும் டிரையர் அறையில் லேசான வேலை போட்டுக் கொடுத்தார். உயிர் தப்பியதே பெரிது என்று லயத்து வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூடக் கிட்டார் வாசிக்கிறவர் இல்லை.

கேமரன் மலையில் கம்போங் ராஜா ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கென்று ஓர் இசைக்குழு உண்டு. சித்திரை மாதம் மாரியம்மன் திருவிழாவின் இரண்டாம் நாள் மாலை மேடை ஏறுவார்கள். முதலில் வார்த்தை இல்லாத ஒரு மெட்டு, பிறகுதான் பாட்டுகள். அந்த மெட்டை வேலப்பன்தான் கட்டினான். இரண்டு நிமிஷம்கூட வராது. ஆனால் அதன் நடுவே மூன்று சுரம் சட்டென்று சுழன்று இறங்குகிற ஓர் இடம் இருந்தது. அந்த இடம் வரும்போது முன்வரிசைக் கிழவர்கள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள்.

விரல் போன பிறகு அவனுடைய நாற்காலியில் சுப்பன் உட்கார்ந்தான். சுப்பன் திரிங்காப்பிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றும் லோரி டிரைவர், வேலப்பனைவிட நாலைந்து வயது இளையவன். அதே மெட்டைத்தான் அவனும் வாசித்தான். மூன்று சுரத்தை மட்டும் விட்டுவிட்டு நேராகப் போய்விடுவான். ஒவ்வொரு திருவிழாவிலும் வேலப்பன் கூட்டத்தின் கடைசியில், போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த இடத்துக்காகக் காத்து நிற்பான். இடம் வரும், சுரம் வராது. "இவனுக்கு எங்க வரப்போவுது" என்று முனகிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவான். அந்த முனகலில் கொஞ்சம் திருப்தி இருந்தது. கேட்டால் இல்லவே இல்லை என்பான்.

நாலு வருஷம் இப்படியே போனது. இன்னும் போயிருக்கும், ராதாகிருஷ்ணன் கிராணி மட்டும் இல்லாதிருந்தால். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் அவர் வேலை வேறு, வீட்டில் அவர் பைத்தியம் வேறு. அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்க வராது. ஆனால் ஹார்ப் கிட்டார் என்று ஒன்று உண்டாம், சாதாரணக் கிட்டாரோடு கூடுதலாக ஒரு கொத்துக் கம்பி கட்டியது. அதன் படங்களைச் சேர்ப்பதும், அதே பித்துப் பிடித்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதுமே அவருடைய ஞாயிற்றுக்கிழமை. பினாங்கில் ரிட்டையரான வாத்தியார் ஒருவர், ஈப்போவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஒருவர், சிங்கப்பூரில் ஓர் அம்மாள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சண்டை மட்டும் தபாலில் ஒழுங்காக நடந்தது.

சண்டைக்கு விஷயமும் இல்லாமல் இல்லை. அந்த வாத்தியத்தில் ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. ஒன்றில் தோள்பட்டையிலிருந்து உள்கூடான ஒரு கை எழுந்து, வளைந்து, உச்சியில் கம்பிகளைப் பிடித்திருக்கும். இன்னொன்றில் கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பு. ஒன்றுக்கு இரண்டு கழுத்து, அதில் ஒன்றில் அழுத்துவதற்குக் கட்டையே இருக்காது. தடித்த கம்பிகள் மேலே போதாதென்று மெல்லிய கம்பிகளைக் கீழ்ப்பக்கமும் வரிசையாகக் கட்டிய ஆசாமிகளும் உண்டு. உள்கூடான கை இல்லாவிட்டால் அது ஹார்ப் கிட்டாரே இல்லை என்பார் பினாங்கு வாத்தியார். கம்பு வைத்ததுதான் உறுதி என்பார் கடிகாரக்காரர். சிங்கப்பூர் அம்மாள் இருவரையும் மதிப்பதில்லை.

ஒரு ஞாயிறு கிராணி இந்தப் படங்களை வேலப்பனிடம் காட்டினார். மற்றவர்களிடம் காட்டிச் சலித்துப்போய்க் கடைசியில்தான் அவனிடம் வந்திருந்தார். வேலப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கிராணி ஐயா, இந்த எக்ஸ்ட்ரா கம்பிய எடது கையால அழுத்தணுமா?"

"அழுத்த வேணாம்பா. சும்மா மீட்டுனா போதும். ஒரு கம்பிக்கு ஒரு சுரம்."

வேலப்பன் படத்தைக் கீழே வைக்கவில்லை. மெட்டுக்கு வேண்டிய சுரம் எல்லாம் திறந்த கம்பியிலேயே கிடைத்துவிட்டால் இடது கைக்கு வேலையே இல்லை. மூன்று சுரத்துக்கு மூன்று மெல்லிய கம்பியை அடுத்தடுத்துக் கட்டிவிட்டால் வலது கை ஓர் இழுப்பில் இழுத்துவிடும். நாலு வருஷமாக அவனுக்கு எதன் மீதும் வராத ஆசை, அந்த நிமிஷம் வந்தது. தன் நாற்காலியில் மறுபடி உட்கார வேண்டும், அந்த மூன்று சுரத்தையும் சுப்பன் பக்கத்தில் இருந்து தன் காதால் கேட்க வேண்டும். இந்த இரண்டுதான், வேறொன்றும் இல்லை.

வேலப்பன் போய்க் கேட்டதும் திருவிழாக் கமிட்டி யோசித்தது. முதல் மெட்டை மட்டும் வாசிக்கட்டும், நன்றாக வந்தால் நாற்காலி நிரந்தரம், வராவிட்டால் இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று முடிவு சொன்னது. சுப்பனிடம் கேட்டதற்கு, "அவரு மெட்டு, அவரு வாசிக்கட்டும் லா" என்றானாம். வேலப்பனுக்கு அது வேஷமாகப் பட்டது.

செய்கிற வேலை சிவசாமியிடம் வந்தது. கோலா தெர்லாவில் காய்கறிப் பெட்டி அடிக்கிற தச்சன், வேலப்பனுக்குப் பால்ய சிநேகிதன். வேலப்பனின் பழைய கிட்டாரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் புதுக் கையையும், கீழ்ப்பக்கம் ஒரு சட்டத்தையும் சேர்ப்பதாகப் பேச்சு. கை உள்கூடாகத்தான் இருக்க வேண்டும் என்று கிராணி மூன்று இரவு வந்து உட்கார்ந்தார். கம்பு போதும் என்றான் சிவசாமி. கடைசியில் கிராணியின் கை, சிவசாமியின் சட்டம், வேலப்பனின் கம்பிக் கணக்கு என்று பங்கு பிரிந்தது. மேலே எட்டுத் தடித்த கம்பி, நடுவில் பழைய ஆறு, கீழே ஏழு மெல்லிய கம்பி. ஆக இருபத்தொன்று.

மரத்தை உலர்த்துவதில்தான் தகராறு வந்தது.

"பலகைய எங்கிட்ட குடு. டிரையர் பக்கத்துல வெச்சு எடுத்துர்றேன்" என்றான் வேலப்பன்.

"வேணாம் வேலப்பா. மரம் இங்க இருக்கற ஈரத்தோட பழகணும். ரெண்டு மாசம் கொட்டாயில கெடக்கட்டும்."

"எலைய எப்படிக் காய வெக்கிறோம்? கையில எடுத்து நசுக்குனா முறுமுறுன்னு சத்தம் வரணும். அரைகுறையா காஞ்சா பூஞ்சைதான். மரமும் அப்படித்தானே?"

"எலைக்கு நீ பொட்டி வெச்சிருக்க. காஞ்ச அன்னிக்கே ஈயத்தாள்ல அடைச்சு மூடிர்ற. இந்தக் கட்டைய எங்க அடைப்ப?"

வேலப்பன் சிரித்தான். நாலு வருஷமாகத் தேயிலையின் ஈரத்தைக் கைப்பதத்திலேயே கண்டுபிடிக்கிறவனுக்கு, காய்கறிப் பெட்டி அடிக்கிறவன் காயவைப்பதைப் பற்றிப் பாடம் எடுப்பதா என்று தோன்றியது. பலகைகள் மூன்று வாரம் டிரையர் அறையில் வெந்தன. விரலால் தட்டினால் பித்தளைப் பாத்திரம் போலக் கணீர் என்றன. சிவசாமி இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு அங்கேயே வேலையை ஆரம்பித்தான்.

வாத்தியம் முடிந்ததும் அதை வைக்கவும் டிரையர் அறையைத் தவிர வேறு இடம் இல்லை. வேலை முடிந்து அங்கேயேதான் பழகினான். ஒரு சாயங்காலம் சோறு கொண்டுவந்த மனைவி ரஞ்சிதம் கதவோரம் நின்றுவிட்டாள். அந்த மூன்று சுரமும் சுழன்று இறங்கின. நாலு வருஷமாகப் புருஷன் வாயால் கேட்ட குறையெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது.

"வந்துருச்சுங்க" என்றாள்.

"வராம?" என்றான். ஆனால் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். டிரையர் அறையில் யாருக்கும் வேர்க்கத்தான் செய்யும்.

திருவிழாவன்று நாலு மணிக்கு, வாத்தியத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பிறந்ததிலிருந்து அது வெளிக்காற்றைக் கண்டதில்லை. கிராணி காமிராவோடு நின்றிருந்தார். வேலப்பனை உட்காரவைத்து, வாத்தியத்தை மடியில் சாய்த்து, வளைந்த கை நன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் பினாங்குக்குப் போனது, அங்கிருந்து ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போனது. இருபுறமும் கம்பி வைத்த இந்த அமைப்புக்கு 'கேமரன் வகை' என்று அவர்கள் ஒரு பெயரே வைத்து, பல வருஷம் அதைப் பற்றித் தபாலில் சண்டை போட்டார்கள். படம் எடுத்த இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு அந்த வகை உலகத்தில் இல்லை என்பதைக் கிராணி அவர்களுக்கு எழுதவே இல்லை.

ஐந்து மணிக்குப் பனி இறங்கியது. அந்த மலையில் அது ஒரு சேதியே இல்லை. பந்தல் துணி சொட்டியது, மைக் கம்பத்தில் நீர் கோத்தது. வேலப்பன் சுருதி சேர்த்தான். பத்து நிமிஷத்தில் கலைந்திருந்தது. மறுபடி சேர்த்தான், மறுபடி கலைந்தது. மெல்லிய கம்பிகள் ஏழும் ஏழு திசைக்குப் போயின. சிவசாமி வந்து புதுக் கையை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"என்னா?" என்றான் வேலப்பன்.

"ஈரத்தக் குடிக்குது" என்றான் சிவசாமி.

ஆறரை மணிக்குப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுப்பன் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பழைய இடத்தைக் காலியாக விட்டிருந்தான். வேலப்பன் உட்கார்ந்து முதல் கம்பியைத் தொட்டான். அதற்குள் டக் என்று ஒரு சத்தம், மைக்கில் ஊருக்கே கேட்டது. உப்பிய மரம் பசையை விட்டுவிட்டது. வளைந்த கை ஒரு விரல்கடை விலகி முன்னால் சாய்ந்தது, எட்டுத் தடித்த கம்பியும் துவண்டன. கீழ்ச்சட்டம் மறுபுறம் எழும்பியது. அந்த மூன்று கம்பியில் ஒன்று அறுந்து சுருண்டு அவன் வேட்டியில் விழுந்தது.

கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். வேலப்பனுக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. அவமானம் காதுவரை சுட்டது. கமிட்டித் தலைவர் பக்கவாட்டில் நின்று, வந்துவிடு என்று கையை அசைத்தார்.

இருபத்தொன்றில் ஆறு கம்பி மட்டும் அசையாமல் இருந்தன. பதினைந்து வருஷம் வீட்டுச் சுவரில் தொங்கி, இந்த மலைப்பனியை எல்லாம் குடித்துப் பழகிய பழைய கிட்டாரின் ஆறு கம்பிகள். எந்தக் கழுத்தைத் தொடாமல் தப்பிக்க இத்தனை பாடுபட்டானோ, அந்தக் கழுத்து மட்டும்தான் மிச்சம் இருந்தது.

வேலப்பன் இடது கையைத் தூக்கிக் கழுத்தின் மேல் வைத்தான். நாலு வருஷமாகப் போர்வைக்குள் ஒளித்திருந்த கையை அத்தனை பேரும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஆட்காட்டி விரலை மூன்றாம் கம்பியில் அழுத்தி மெட்டைத் தொடங்கினான்.

ஒரு விரலில் வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. விரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போனது. வேகம் பாதிதான். தாளக்காரர் இரண்டு முறை முந்திப்போய்த் திரும்பி வந்து காத்து நின்றார். சுப்பன் தன் கிட்டாரில் சத்தமே இல்லாமல் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

அந்த இடம் நெருங்கியது. ஒற்றை விரலுக்கு அது முடியாது என்று வேலப்பனுக்குத் தெரியும். சுப்பனை இத்தனை நாள் எதற்காகத் திட்டினானோ அதையே செய்தான். மூன்று சுரத்தை விட்டுவிட்டு நேராகப் போகக் கையை நகர்த்தினான்.

அந்த இடைவெளியில் மூன்று சுரமும் விழுந்தன. சுழன்று, சட்டென்று, அவன் கட்டியபடியே. சுப்பனின் கிட்டாரிலிருந்து வந்தன. முன்வரிசையில் மெல்லுவது நின்றது.

வேலப்பனுக்குக் கண் மறைத்தது. விரல் மட்டும் பழக்கத்தில் போய் மெட்டை முடித்தது. கைதட்டல் வழக்கம் போல இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுத்த பாட்டுக்குப் பாடகி எழுந்து வந்தாள்.

மைக்கைச் சரிசெய்கிற நேரத்தில் வேலப்பன் பக்கத்தில் குனிந்து கேட்டான்.

"உனக்கு அது தெரியுமாடா?"

"தெரியும்ணே."

"எப்பலேர்ந்து?"

"மொத வருஷத்துலேர்ந்து."

"அப்பறம் ஏன்டா நாலு வருஷமா விட்ட?"

சுப்பன் சுருதிக்கட்டையைத் திருகிக்கொண்டே சொன்னான். "அது உங்களோடதுண்ணே. எடத்த மட்டும் உங்களுக்காக விட்டு வெச்சிருந்தேன்."

கமிட்டித் தலைவர் மறுபடி கையை அசைத்தார். வேலப்பன் எழுந்திருக்கவில்லை. வாத்தியத்தின் உடைந்த கையையும் சட்டத்தையும் பிடுங்கிக் கீழே சிவசாமியிடம் நீட்டிவிட்டு, ஆறு கம்பியோடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"சுப்பா."

"என்னாண்ணே?"

"மூணாவது சுரம் அவசரப்படுது. அடுத்த வருஷம் கொஞ்சம் மெதுவா எறக்கு."

"சரிண்ணே" என்றான் சுப்பன்.