ஒரே அட்டைக்குள் இரண்டு செவ்வந்திகள்

1941-ஆம் வருஷம் தை மாதத்தில், வரதராசன்பேட்டைக் கடலைத் தரகர் சவரியார் தன் மனைவி அமலோற்பவமேரியை அறைந்தபோது, ஐந்து விரல் தடமும் சவரியாரின் கன்னத்திலேயே விழுந்தது. மறுநாள் மாட்டு வாரை எடுத்து அவளை விளாசினார். கிழிந்தது அவர் முதுகு. வைத்தியர் வேப்பெண்ணெய் தடவிவிட்டு, "கொஞ்ச நாளைக்கு அம்மா மேல கை வைக்காதீங்க தரகரே, உங்க உடம்பு தாங்காது" என்றார். கடலை விலை ஏறியதைப் பேசுவதுபோல ஊர் இதையும் பேசி முடித்தது.

காரணம் மேரிக்குத் தெரியும். அந்த வாரம்தான் அவள் உயிராக நினைத்த எழுத்தாளரின் தொடர்கதை முடிந்திருந்தது. அதில் செவ்வந்தி என்பவள், அடிக்கிற புருஷனின் வலது முழங்கையை உலக்கையால் முறித்துப்போட்டுவிட்டுக் கொள்ளிடம் கடந்து போய்விடுகிறாள். கதை படிக்கிற எல்லாரையும்போல மேரியும் வாராவாரம் பத்திரிகைத் தாள்களைக் கிழித்துச் சேர்த்து, அரியலூர் கடைவீதியில் பைண்டு செய்யும் செல்லதுரையிடம் கொடுத்துத் தைத்து வாங்கி, மாதா படத்துக்குக் கீழே பலகையில் வைத்தாள். சவரியார் கையை மடக்கிக்கொண்டார். செருப்புச் சத்தம் கேட்டால் தோளைக் குறுக்கும் பழக்கம் மேரியை விட்டுப்போக இரண்டு வருஷம் ஆயிற்று.

1944-இல், யுத்தத்தால் காகிதம் கிடைக்காமல் மெலிந்துபோன பத்திரிகையில் செவ்வந்தியின் இரண்டாம் பாகம் தொடங்கியது. அன்று மேரி பாயசம் வைத்தாள். அக்கரையில் செவ்வந்தி முதலில் இருமினாள், பிறகு அழுதாள். வாரத்துக்கு வாரம் அவள் முதுகு வளைந்தது. எழுத்தாளருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் தேறிவிடுவார் என்று மேரி நம்பினாள். கடைசி வாரத்தில் செவ்வந்தி திரும்பி வந்து, புருஷனின் முறிந்த கையை மடியில் ஏந்தி, "தப்பு என் மேலதாங்க" என்றாள். அந்த வரியைப் படித்து மேரி நிமிர்ந்தபோது, குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று சவரியார் அறைந்தார். மேரியின் கடைவாய்ப் பல் தெறித்துத் தட்டில் விழுந்தது. அவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வலிக்கவில்லை. அந்த மாதம் முழுக்க அடித்தார். அவளுக்கு ஒரு விலா ஒடிந்தது, இடது காது அடைத்துப்போனது.

படுத்தபடி மேரி யோசித்தது சவரியாரைப் பற்றி இல்லை. அவர் எதையும் நம்பச் சொன்னவரில்லை. எழுத்தாளர் சொன்னார், சொல்லிவிட்டு அவரே வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். எழுந்து நடக்க முடிந்ததும், பழைய புத்தகத்தையும் இரண்டாம் பாகத் தாள்களையும் எடுத்துக்கொண்டு, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் ஏறி, அரியலூரில் செல்லதுரையிடம் போனாள்.

"ரெண்டையும் ஒண்ணா தைச்சுடுங்கண்ணே."

"வேணாம் தங்கச்சி. இவள அவகூட ஒரே அட்டைக்குள்ள போட்டா வெட்டுக்குத்தாயிடும்."

"ஆவட்டும்."

"அந்த மனுசன் மொத பாகத்தோட பேனாவ மூடியிருக்கலாம்" என்று முனகிக்கொண்டே செல்லதுரை புளியங்கொட்டைப் பசையைத் தடவினான்.

பலகையில் வைத்த அன்றே அட்டைக்குள் மயிரைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு உலக்கை விழத் தொடங்கியது. தையலிலிருந்து ரத்தம் கசிந்து சுவரில் இறங்கியது. மேரி பழந்துணியால் துடைத்து முருங்கை மரத்தடியில் பிழிந்தாள்.

"என்னக்கா, கோழி அடிச்சியா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தனம்.

"இல்ல, புத்தகம்."

"நான் கோழியோன்னு நெனச்சேன்" என்று தனம் உள்ளே போய்விட்டாள்.

சத்தம் பொறுக்காமல் சவரியார் மேரியை அடிக்கக் கை ஓங்கினார். புத்தகத்துக்குள் கரும்பு முறிவதுபோல ஒரு சத்தம். அவர் வலது முழங்கை பின்பக்கமாக மடிந்து தொங்கியது.

மேரி புத்தகத்தைத் திறந்தாள். இரண்டாம் பாகத்துச் செவ்வந்தி கடைசிப் பக்கத்தில் மண்டை பிளந்து கிடந்தாள். பழைய செவ்வந்தி பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சிரைக்கக் கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள். மேரிக்குச் சந்தோஷம் வரவில்லை. வாரக்கணக்காக வெறுத்த அந்தச் செத்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான புதிதில், தப்பு என் மேலதாங்க என்று தானும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அந்தத் தாள்களை அறுத்தெடுத்து, தன் கல்யாணச் சேலையில் சுற்றி, முருங்கைக்கு அடியில் புதைத்து, மாதாவை நினைத்து மூன்று அருள்நிறை மந்திரம் சொன்னாள்.

சவரியாரின் கை கூடவில்லை. கடலைத் தரகு என்பது கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு வலக்கை விரல்களைத் தொட்டு விலை பேசுவது. அந்தத் துண்டுக்குள் மேரியின் கை போனது. முதலில் வியாபாரிகள் கூசினார்கள். பிறகு அவள் விலைக்குப் படிந்தார்கள்.

1947-இல் மூன்றாம் பாகத்துக்கு விளம்பரம் வந்தது. மேரி அட்டையைத் தட்டி, "உன்னப் பத்தி மறுபடி எழுதுறாராம்" என்றாள். அடுத்த இதழில், எழுத்தாளரின் வலக்கை முழங்கையில் முறிந்துவிட்டதால் தொடர் வெளிவராது என்று ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். மேரி படித்துவிட்டு, பலகையில் புதிதாக வடிந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டாள்.