எருக்கம்பூவும் ஈரச்சிறகும்

ஆவணித் திங்கள் வளர்பிறை நான்காம் நாள் காலை. அல்சூர் ஏரியின்மேல் மெல்லிய தூறல் விழ, மேம்பாலத்தில் தொடர்வண்டி நீர்த்துளி சிதற ஓட, கோயில் மணியோசையும் பூ விற்போர் கூவலும் ஊர்திகளின் ஊதலும் முட்டி மோத, பெங்களூரு மாநகர் பிள்ளையாரை வரவேற்கும் பரபரப்பில் மூழ்கிக் கிடந்தது. அப்பரபரப்பையெல்லாம் அள்ளித் தன் நெஞ்சில் அடைத்துக்கொண்டவள்போல், ஏரிக்கு அருகே ஓர் அடுக்ககத்தின் மதிலோரத்தில் குடைபிடித்து நின்றிருந்தாள் சொர்ணம்.

கற்றறிந்த வாசகரே, அவள் காவல் நின்றது ஓர் எருக்கஞ்செடிக்கு! கணிப்பொறி நிறுவனத்தில் பணியாற்றும் அவள், நகரில் வண்ணத்துப்பூச்சிகள் அருகிவருவதை எண்ணி வருந்தி, மதிலோரத்து அயல்நாட்டு அழகுச்செடிகளைக் களைந்து, தும்பையும் ஆவாரையும் நொச்சியும் நட்டபோது எவரும் வாய் திறக்கவில்லை. எருக்கை நட்டதும் அடுக்ககமே கொதித்தெழுந்தது. வீட்டருகே எருக்கு நின்றால் குடி விளங்காதென்று முதலில் முழங்கியவர், அரசுப்பணியில் ஓய்வுபெற்ற முதல் தளத்து வெங்கடராமன். வெந்தயவரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிட எருக்கிலையைத் தேடி வருமென்று அவள் எடுத்துரைத்தது எவர் காதிலும் ஏறவில்லை. ஆகவே, பிள்ளையார் நோன்பன்று மாலை கட்ட எல்லார்க்கும் எருக்கம்பூ தருவதாகச் சொல் கொடுத்தாள். எதிர்ப்பு அன்றே அடங்கிப்போயிற்று.

அந்தச் சொல்தான் இப்போது கழுத்தைப் பிடித்தது. இரண்டாண்டுக் காத்திருப்புக்குப் பின் அச்செடியில் முதன்முதலாய் ஒரு கூட்டுப்புழு தொங்கியது. அதுவும் பூங்கொத்துக்கு இரண்டு விரற்கடை கீழே. நேற்றுவரை பச்சையாய் இருந்த கூடு இன்று கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே மடிந்திருந்த செம்மஞ்சள் சிறகைக் காட்டிற்று. கொத்தைப் பறித்தால் கிளை அதிரும். ஈரச்சிறகோடு கீழே விழுந்த பூச்சி பின்பு எந்நாளும் பறக்காது. மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே பொங்க, அவள் செடியை விட்டு அகலாமல் நின்றாள்.

வெங்கடராமன் பூக்கூடையுடன் வந்து நின்றார்.

"பறிச்சுக்கலாமாம்மா? ஒம்பது மணியோட நல்ல நேரம் முடியறது, அதுக்குள்ள பூஜைய முடிச்சாகணும்."

"சார், ஒரு ஒன் அவர் பொறுங்க. பட்டர்ஃப்ளை வெளிய வரப்போகுது. இப்போ செடிய ஆட்டினா அவ்ளோதான்."

"நீதானே ப்ராமிஸ் பண்ணினே? எங்காத்துல அறுபது வருஷமா எருக்கமாலை இல்லாம சதுர்த்தி நடந்ததே இல்லை."

"பண்ணேன் சார், தப்புதான். ஆனா பறிக்க விடமாட்டேன்."

முகம் சிவக்க மேலும் சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். கூடு பிளந்தது. கசங்கிய துணிபோல் சுருண்ட சிறகுகளோடு வெளிப்பட்ட பூச்சி, வெற்றுக்கூட்டைப் பற்றித் தொங்கி, மூச்சு வாங்குவதுபோல் அசைந்தது. சொர்ணத்துக்குக் கூவிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அந்நேரம் பார்த்து, கூடைகளோடு ஐந்தாறு பேர் பேசிச் சிரித்தவாறு படியிறங்கி வந்தனர்.

வெங்கடராமன் திரும்பாமலே கையுயர்த்தித் தடுத்தார். "சத்தம் போடாதீங்கோ. இப்பத்தான் பொறந்திருக்கு."

எவரும் அசையவில்லை. ஒன்பது மணி கடந்தது. இல்லத்திலிருந்து அழைத்த கைப்பேசியை அவர் எடுக்காமலே வாய்மூடச் செய்தார். தூறல் வலுத்தபோது சொர்ணத்தின் கையிலிருந்த குடையை வாங்கி, தாம் நனைந்தபடி பூச்சிக்குப் பிடித்தார். சிறகு சிறிது சிறிதாய் விரிந்து, நிமிர்ந்து, உலர்ந்தது. பத்து மணியளவில் முகில் விலகி வெயில் எட்டிப்பார்க்க, செம்மஞ்சள் பூச்சி மதிலைத் தாண்டி ஏரிப்பக்கம் பறந்தே போயிற்று. அடுக்ககமே கைதட்டியது, சொர்ணம் வெட்கமின்றி அழுதாள்.

அதன்பின் கொத்துகளை அவளே பறித்துக் கொடுத்தாள். வெங்கடராமன் வீட்டு எருக்கமாலை அன்று உச்சிப்பொழுதில்தான் பிள்ளையார் கழுத்தில் ஏறிற்று. காலந்தாழ்ந்த அவ்வழிபாட்டைப் பிள்ளையார் எவ்வாறு ஏற்றாரோ, நாமறியோம். பிறக்கும் உயிருக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுக்க எவராலும் இயலாது. அது பிறந்து முடியும்வரை அருகே ஆடாமல் அசையாமல் நிற்க மட்டுமே நம்மால் இயலும்.