கால்சியம் என்று ஒட்டிய பாட்டில்

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பினாயிலும் கழற்றிப் போட்ட சாக்ஸும் கலந்த நாற்றம்தான் உண்டு. விமான நிலையச் சுங்கத்துறைக்கு ஒன்பது வருஷமாக மொழிபெயர்த்துக் கொடுக்கிறவளுக்கே இன்னும் பழகாத நாற்றம்.

மேஜைமேல் வெள்ளைத் தட்டு. அதில் குவியலாக மாத்திரைகள். பக்கத்தில் 'கால்சியம்' என்று லேபிள் ஒட்டிய காலி பாட்டில். எதிரே, முதல் வெளிநாட்டு வேலைக்கு வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத லிஃப்ட் மெக்கானிக், வெறுங்காலோடு.

"மாமாவுக்கு மூட்டு வலிங்க மேடம். அக்கா வீட்டுக்காரரு. இங்கதான் வேலை பார்க்கறாரு. ஊர்ல அவரோட சிநேகிதர் குடுத்து விட்டாரு. என்னைக் கூட்டிட்டுப் போக வெளியதான் நிக்கறாரு, வேணும்னா கேட்டுப் பாருங்களேன்!"

கால்சியமாவது, ஒன்றாவது! போதை தருகிற வலி மாத்திரை. ஊரில் டாக்டர் சீட்டைக் காட்டினால் மருந்துக் கடையில் தருவார்கள். இங்கே அரசாங்கத்தின் முன் அனுமதி இல்லாமல் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஜெயில். தட்டில் இருந்தவை இருநூற்று நாற்பது.

அதிகாரி கேட்டதை அவள் தமிழாக்கினாள்.

"பெட்டிய நீயே அடுக்கினியா?"

"ஆமாங்க."

"உன் பேர்ல டாக்டர் சீட்டு இருக்கா?"

"என் மாத்திரையே இல்லியேங்க. என் பேர்ல எப்படி இருக்கும்?"

"அப்ப அடுத்தவன் மருந்து உன் பெட்டியில என்ன பண்ணுது?"

இதே கேள்விகளை விமானம் ஏறுகிற இடத்திலேயே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நம் ஜனம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும். படிக்காது.

சிறுநீர்ச் சோதனையும் முடிந்திருந்தது. எந்த நாட்டில் விழுங்கியிருந்தாலும், உடம்பில் இருந்தால் கையில் வைத்திருந்த மாதிரிதான் இங்கே. நல்லவேளை, அவன் உடம்பு சுத்தம்.

"மாமா வந்து 'நான்தான் கொண்டுவரச் சொன்னேன், இவனுக்கு எதுவும் தெரியாது'ன்னு ஒத்துக்கிட்டா கோர்ட் கொஞ்சம் இரக்கம் காட்டலாம்" என்றார் அதிகாரி. "இல்லன்னா மொத்தமும் உன் தலையில. குறைஞ்சது பத்து வருஷம்."

ஃபோனில், ஸ்பீக்கர் போட்டு மாமாவைப் பிடித்தார்கள்.

"சுங்கத்துறையிலருந்து பேசறோம். நான் மொழிபெயர்ப்பாளர். நீங்க பேசற ஒவ்வொரு வார்த்தையையும் அதிகாரிகிட்ட சொல்லிடுவேன்."

"சரிங்க, சரிங்க." லிஃப்டில் கதவு மூடும் அறிவிப்பைக் கேட்டுக்கொள்கிற அலட்சியம்.

மெக்கானிக்கின் பெயரைச் சொல்லி, உங்களுக்கு யார் என்று கேட்டாள். ஸ்பீக்கரில் ஒரு விமான அறிவிப்பு கேட்டது. சுவருக்கு அப்பாலும் அதேதான் கேட்டது. ஆள் அவ்வளவு பக்கத்தில் நிற்கிறான்.

"யாருன்னே தெரியாதுங்களே."

"மாமா! நாந்தான் மாமா!"

அதிகாரி கையைக் காட்டி அடக்கினார்.

அவள் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்பதே கிடையாது. யார் பேசினாலும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

"எனக்கு அவனைத் தெரியாது" என்றாள், அதிகாரியின் பாஷையில். ஊசிப்போன எதையோ மென்ற மாதிரி இருந்தது.

ஸ்பீக்கரில் குரல் தணிந்தது.

"மேடம், நீங்க நம்மாளுதானே? இது நமக்குள்ள. அந்த ஆளுக்கு நம்ம பாஷை புரியவா போகுது? பையனுக்குப் பொண்டாட்டியா, புள்ளையா? பத்து வருஷம் உள்ள இருந்தா ஒண்ணும் தேஞ்சிட மாட்டான். இதுக்கு முன்னாடி மூணு தடவை வேற ஆளுங்க கையில சரக்கு ஒழுங்கா வந்துச்சு. இந்தத் தண்டம்தான் முழிச்ச முழியில மாட்டிக்கிச்சு. என் பேரு வராம முடிச்சு விடுங்க. உங்களைக் கவனிச்சுக்கறேன்." சிரிப்பு வேறு.

அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பிறகு ஆரம்பித்தாள். 'நீங்கள் நம் ஆள்தானே' என்பதிலிருந்து, 'மூன்று முறை சரக்கு ஒழுங்காக வந்தது' உட்பட, 'கவனித்துக்கொள்கிறேன்' வரை ஒன்றுவிடாமல். அந்தச் சிரிப்பையும் சேர்த்து.

அதிகாரி வாக்கி-டாக்கியில் இரண்டே வார்த்தை பேசினார்.

மெக்கானிக் தரையில் கிடந்த சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதெல்லாம் எங்க அக்காவுக்குத் தெரியுமா மேடம்?"

அதையும் மொழிபெயர்த்தாள்.

"உன்னை விட்டுட்டேன்னு நினைக்காத" என்று மட்டும் சொல்லச் சொன்னார் அதிகாரி. "கொண்டு வந்தது நீதான். ஆனா இனி கேஸ்ல நீ தனி ஆள் இல்ல. இப்ப நான் கேட்டது அத்தனையும் கோர்ட்டுக்குப் போகும்."

கதவு திறந்தது. இரண்டு காவலர்களுக்கு நடுவே மாமா. சென்ட் வாசனை குப்பென்று அடித்தது. மைத்துனனுக்கென்று வாங்கிய ஜூஸ் பாட்டில் இன்னும் கையிலேயே இருந்தது. மைத்துனன் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக அவளைத்தான் முறைத்தான்.

"நம்மாளுன்னு நம்பிப் பேசினேன். காட்டிக் குடுத்துட்டியே... த்தூ!"

என்ன சொல்கிறான் என்று அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

'நம்பிப் பேசினேன்', 'காட்டிக் கொடுத்துவிட்டாய்' என்று வரிசையாக மொழிபெயர்த்தாள். கடைசியில் வந்த அந்த ஒரு வார்த்தையை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்து, சொந்தக் குரலில் சொன்னாள்.