நனையாத தூள்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழு மணியளவில், பெங்களூரு மர்பி டவுனில் தன் மாமியார் வீட்டின் பின்கட்டில் வெந்நீர் அடுப்பைத் தூண்டிவிட முயன்றபோது வீணா என்னும் இருபத்து நான்கு வயதுப் பெண் தீக்காயம் அடைந்தாள். முகம், கழுத்து, மார்பு, இரண்டு கைகள். அடுப்பில் அவள் கொட்டியது மரத்தூள். அது தொம்மலூரில் உள்ள எங்கள் வீட்டில் உண்டான தூள். அதற்கு முந்தைய சனிக்கிழமை நான் அதைப் பையில் இட்டு, வாயைச் சணலால் கட்டி, அவளுடைய மாமியார் சந்திரம்மாவிடம் கொடுத்தேன். சந்திரம்மா எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவள். இவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. மற்றவற்றை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் கணவர் வெங்கடசுப்ரமணியன் அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் அறுவைக்குப் பிறகு காரை விற்றுவிட்டு, கார் நின்ற கொட்டகையில் ஒரு ரம்பமேசையும் தேய்ப்பு இயந்திரமும் வாங்கி வைத்துக்கொண்டு மரவேலை செய்யத் தொடங்கினார். எங்கள் உறவினர் ஒவ்வொருவர் வீட்டிலும் அவர் செய்த முக்காலி ஒன்று இருக்கிறது. அவற்றில் எவரும் அமர்ந்து நான் கண்டதில்லை. முக்காலிகளால் எனக்கு இடைஞ்சல் இல்லை, தூளால்தான் இடைஞ்சல். பூஜை விளக்கின் விளிம்பிலும், குக்கரின் ரப்பர் வளையத்திலும், என் மூக்குக்கண்ணாடியிலும் அது படிந்தது. காலையில் துடைத்த அலமாரியில் மதியம் விரலால் கோடு கிழிக்கலாம். அவருக்கு இருமல் வந்தது; தூள் நுரையீரலுக்குள் போகிறது என்று மருத்துவர் சொன்னார். தூள் போக வேண்டும் அல்லது ரம்பம் போக வேண்டும் என்று நான் சொன்னேன். அதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அவர் ரம்பத்தை விடவில்லை. மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்து தூள் உறிஞ்சும் கருவி ஒன்றைச் செய்தார். ஒவ்வோர் இயந்திரத்திலிருந்தும் பிளாஸ்டிக் குழாய் கிளம்பி ஒரு நீல டிரம்மில் சேரும். டிரம்முக்குள் காற்று சுழலும்போது கனமான தூள் அடியில் விழுந்துவிடும். விழாத மென்தூளைப் பிடிக்க, ஜே.சி. ரோட்டில் வாங்கிய லாரி ஏர் ஃபில்டர் ஒன்றைக் கடைசியில் பொருத்தினார். அதன் கீழே மென்தூள் வந்து சேர ஒரு பெட்டி. முதல் நாள் ரம்பத்தை ஓட்டிவிட்டு, கறுப்புத் துணி ஒன்றை மேசைமேல் விரித்து என்னை அழைத்துக் காட்டினார். துணி கறுப்பாகவே இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு பாலத்தைக் கட்டி முடித்த நிறைவைப் பார்த்தேன்.

அதற்கு முன்பும் ரம்பத்தடியில் விழும் தூளைச் சந்திரம்மா கொண்டுபோவாள். ரவை போன்ற தூள் அது. தகர டின் ஒன்றின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டு அந்தத் துளையில் நெருப்பு வைத்தால், ஒரு வீட்டாருக்கு வேண்டிய வெந்நீர் காயும். அணையும்போல் இருந்தால் மேலே இன்னும் கொஞ்சம் தூள் போடுவார்கள். புகையும், பிறகு பிடித்துக்கொள்ளும். அந்தச் சனிக்கிழமைதான் ஃபில்டரின் பெட்டி முதன்முறையாக நிறைந்தது.

"இதையும் குடுத்துடு பாகீ. தூள் தூள்தானே," என்றார் என் கணவர்.

சந்திரம்மா பைக்குள் கைவிட்டுப் பார்த்துச் சிரித்தாள். "மைதா மாதிரி இருக்கேம்மா! இத்த வச்சு பூரியே போடலாம் போல." நானும் சிரித்தேன். அடித்துத் திருத்தாத வரி ஒன்றைப் போல அந்தச் சிரிப்பு எனக்குள் இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை சந்திரம்மா வரவில்லை. ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அழுகையில் பாதிதான் புரிந்தது. நான் கேட்டதை என் கணவரிடம் சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "பையில மீதி இருக்கான்னு கேளு," என்றார். மருத்துவமனை வாசலில் நிற்கிறவளிடம் கேட்கக்கூடிய கேள்வியா என்று கடிந்துகொண்டேன். அன்று மாலை என் சமையலறையில் தேநீர் வடிகட்டி அதன் ஆணியில் இல்லை. என் சமையலறையில் ஒரு பொருள் அதன் இடத்தில் இல்லாமல் போவது வழக்கமன்று. ஆனால் அன்றிருந்த மனநிலையில் அதை மேலும் தேடவில்லை.

புதன்கிழமை சந்திரம்மா நேரில் வந்தாள். வேலைக்கு வரவில்லை, செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்வாசலில் நின்றாள்.

"எம்மவன் ரவிய ஸ்டேஷன்ல உக்கார வச்சிட்டாங்கம்மா. வீணாவோட அம்மா கேஜிஎஃப்லேந்து வந்து, எம்மவன்தான் சீமெண்ண ஊத்திக் கொளுத்திட்டான்னு கம்ப்ளெய்ன்ட் குடுத்துருச்சு. கல்யாணமாயி ரெண்டு வருசங்கூட ஆவலயில்ல, அதான் விடமாட்டேங்குறாங்க."

"வீணா என்ன சொல்றா?"

"அது எங்க பேசுது? தொண்டையில கொழா வச்சிருக்காங்க." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்குக் காலைல ரெண்டுக்கும் பேஜாரு, போன் வாங்கறதுக்கு. அடுப்புப் பத்தவைக்க ரெண்டு சொட்டு சீமெண்ண விடுவோம், அந்த டப்பாவத்தான் போலீஸ் தூக்கினு போயிருக்கு. நானும் யோசிச்சுப் பாத்துட்டேம்மா. தூளு எங்கியாவது அப்டிப் பத்துமா? எத்தினி வருசமா போடறோம். பொகையும், கண்ணு எரியும், அவ்ளோதான். எம்மவன் கை நீட்டுற ஆளு இல்ல. இந்தப் பொண்ணுதான் கோவத்துல தானே ஊத்திக்கிச்சு. வெளிய சொல்ல வாயி வரல எனக்கு."

கூடத்துக் கதவருகில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். "சார், நீங்க கவர்மெண்ட்ல பெரிய வேலையில இருந்தவரு. கன்னடத்துல நல்லா பேசுவீங்க. ஒரு தபா ஸ்டேஷன் வந்து, அவன் நல்ல பையன்னு சொல்லுங்க சார்."

"பாக்கலாம்," என்றார் அவர். திரும்பிக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

அவளுக்குத் தேநீர் போட்டேன். வடிகட்டி இல்லாததால் துணியில் வடித்தேன். அவள் போன பிறகு கொட்டகைக்குப் போனேன். அவர் ஏணிமேல் நின்று குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். தூள் உறிஞ்சும் கருவி பாதி பிரிந்து தரையில் கிடந்தது. வேலைமேசையில், உளிகளுக்கு நடுவே, என் வடிகட்டி இருந்தது. அதன் வலை கறுத்து, பிளாஸ்டிக் கைப்பிடி உருகி வளைந்திருந்தது. அருகில் ஓர் எரிந்த மெழுகுவர்த்தி. அதற்கு நேர்மேலே, வெள்ளையடித்த சுவரில், முறத்தின் அளவுக்கு ஒரு கரித்தடம்.

"இது என்ன?"

அவர் இறங்கினார். மெழுகுவர்த்தியை ஏற்றினார். டிரம்மிலிருந்து ரவைத்தூளை எடுத்து வடிகட்டியில் இட்டுச் சுடருக்கு மேலே தட்டினார். சில பொறிகள் மட்டுமே தெறித்தன. அதைக் கொட்டிவிட்டு, ஃபில்டர் பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த மாவுத்தூளில் ஒரு கரண்டி இட்டார். கையை முழுநீளத்துக்கு நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டினார். நெருப்பு சுடரிலிருந்து மேலே ஏறவில்லை. காற்றே ஒரேயடியாக நெருப்பாயிற்று. என் முகத்தில் சூடு அடித்தது. ஓசைகூடப் பெரிதில்லை, துணியை உதறுவதுபோல் ஓர் ஓசை. அவ்வளவுதான். பிறகு ஒன்றும் இல்லை. தரையில் சாம்பல்கூட விழவில்லை.

"மெல்லிசா இருந்தா ஒவ்வொரு துகளுக்கும் சுத்திக் காத்து கிடைக்கறது. எல்லாம் ஒண்ணாப் பத்திக்கும். மாவு மில்லுல இப்படி வெடிச்சிருக்கு, படிச்சிருக்கேன்." பாடம் சொல்வதுபோல் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார்.

"எப்போ பண்ணிப் பார்த்தேள்?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்குப் புதன்."

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் சொன்னா அந்தப் பொண்ணு பொழைச்சுடுவாளா?"

"ரவி ஆத்துக்குப் போவான்."

"எனக்கு எழுபத்தெட்டு வயசு பாகீ. இந்த இருமலோட என்னைக் கொண்டுபோய் அந்த பெஞ்சுல உக்கார வெப்பா."

"இப்போ அவனை வெச்சிருக்கா."

இரவு உணவுக்கு முன்பே புனேயில் இருக்கும் எங்கள் மகன் தேஜஸுக்கு அவர் சொல்லிவிட்டார் போலும். அவன் என்னை அழைத்தான். "அம்மா, தயவுசெஞ்சு வாயத் தொறக்காதே. நெக்லிஜென்ஸ்னு கேஸ் போட்டா அப்பா ஜெயிலுக்குப் போகணும். அவாளுக்கு ஹாஸ்பிடலுக்கு என்ன வேணுமோ நான் அனுப்பறேன். போலீஸே கண்டுபிடிக்கட்டும்." அவன் தீயவன் அல்லன். தன் தந்தையை நினைத்துப் பேசினான். ரவிக்குமாரை நினைத்துப் பேச எங்கள் வீட்டில் யாரும் இல்லை. வீணாவை நினைத்துப் பேச அவள் மாமியாரும் இல்லை. அந்தப் பெண் தன் மேல் தானே எண்ணெய் ஊற்றிக்கொண்டவள் என்ற பெயரோடு, மறுத்துச் சொல்ல முடியாத தொண்டையோடு படுத்திருந்தாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சந்திரம்மாவின் கணவன் முனிராஜ் அழைத்தான். "வீணா போயிருச்சும்மா," என்றான்.

என் கணவர் நாற்காலியில் அமர்ந்தபடி அதைக் கேட்டார். "இனிமே முடியவே முடியாது," என்றார். "இப்போ அது ஒரு உயிர்."

நான் புடவை மாற்றிக்கொண்டேன். ஒரு காபி டின்னில் ரவைத்தூளும், இன்னொன்றில் ஃபில்டர் பெட்டியிலிருந்து வழித்த தூளும் எடுத்தேன். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, வளைந்த வடிகட்டி. எல்லாவற்றையும் துணிப்பையில் வரிசையாக வைத்தேன்.

"நீ போய் என்ன பண்ணுவே?"

"செஞ்சு காட்டுவேன்."

"நீ தூவினா பத்திக்காது. கட்டியா விழும். இத்தனை உயரத்துலேர்ந்து, சீரா விழணும்."

வாசலுக்குப் போய் ஆட்டோவை நிறுத்தினேன். ஓட்டுநர் இரண்டுமுறை ஹாரன் அடித்தான். மூன்றாவது முறை அடிப்பதற்குள் அவர் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் இருமினார்.

காவல் நிலையத்தில் பிரகாஷ் என்ற உதவி ஆய்வாளர் இருந்தார். அந்தப் பக்கத்தில் பணிபுரிகிற எல்லோரையும்போல் தமிழையும் கன்னடத்தையும் கலந்து பேசினார்; என்னைக் கன்னடத்தில் அஜ்ஜி, அதாவது பாட்டி, என்று அழைத்தார். "அஜ்ஜி, மரப்பொடி அப்டிப் பத்தாது. நம்ம ஊர்ல எத்தனை ஹோட்டல்ல அதுதான் எரிக்கறாங்க. சும்னே டைம் வேஸ்ட் பண்ணாதீங்க." என் கணவர் கன்னடத்தில், தன் பழைய அலுவலகக் குரலில், ஐந்து நிமிடம் தரவேண்டும் என்று கேட்டார். பின்புற முற்றத்தில், வண்டிகள் இல்லாத மூலையாகப் பார்த்து மெழுகுவர்த்தியை நிறுத்தினார். சந்திரம்மா அங்கே சுவரோரம் குந்தியிருந்தாள். மகனை அடக்கத்துக்கு விடுவார்களா என்று கேட்க வந்தவள், எங்களைக் கண்டதும் எழுந்தாள். சார் வந்துவிட்டார் என்ற நன்றி அவள் முகத்தில் இருந்தது. அதை நான் பார்க்க வேண்டியிருந்தது.

முதல்முறை காற்றில் சுடர் அணைந்தது. "என்ன சார், பர்த்டேயா?" என்றான் ஒரு காவலன், இன்னொருவன் சிரித்தான். நான் புடவைத் தலைப்பை விரித்துக் காற்றை மறைத்தேன். ரவைத்தூள் பொறி தெறித்து விழுந்தது. "பார்த்தீங்களா அஜ்ஜி, சொன்னேனே?" என்றார் பிரகாஷ். பிறகு என் கணவர் இரண்டாவது டின்னைத் திறந்தார். கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தூவினார்.

சிரித்தவன் பின்வாங்கி வாளி ஒன்றில் இடறினான். பிரகாஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மீண்டும் ஒருமுறை செய்யச் சொன்னார். மீண்டும் செய்தார்.

சந்திரம்மா மெழுகுவர்த்தியின் அருகில் வந்தாள். என் கணவரைப் பார்க்கவில்லை, டின்னைப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டு, தூளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள், சனிக்கிழமை பார்த்ததுபோலவே.

"ஒரு ஸ்பூனுக்கே இவ்ளோ வருதாம்மா?"

"ஆமாம்."

"அந்தப் பொண்ணு பாதிப் பையக் கொட்டியிருக்கு." டின்னிலிருந்து கையை எடுத்தாள். "நான் அத்தப் போயி அப்டிப் பேசிட்டேனே. ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கான சொற்கள் அவளிடம் நிறையவே உண்டு. அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

வாக்குமூலம் கன்னடத்தில் எழுதப்பட்டது. வேலைக்காரி தூளை எடுத்துச் சென்றாள் என்று அதில் இருந்தது. நாங்கள் கொடுத்தோம் என்று மாற்றி எழுதச் செய்தேன். என் கணவர் முதலில் கையெழுத்திட்டார், நான் அடுத்து.

இறுதியில் முடிவானவை இவை. ரவிக்குமார் அன்று மாலையே வெளியே விடப்பட்டான். மறுநாள் கல்பள்ளி இடுகாட்டில் நடந்த அடக்கத்தில் அவன் மண் போட்டான். நாங்கள் வர வேண்டாம் என்று முனிராஜ் சொல்லியனுப்பினான், நாங்கள் போகவில்லை. என் கணவர் ஊரைவிட்டுப் போகக்கூடாது, அழைக்கும்போதெல்லாம் நிலையத்துக்கு வர வேண்டும். வழக்கு எந்தப் பிரிவில் என்பது இன்னும் தெரியவில்லை. தேஜஸ் ஒரு வழக்கறிஞரை அமர்த்தியிருக்கிறான், என்னோடு பேசுவதில்லை. கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் காவலர்கள் எடுத்துச் சென்றார்கள். சந்திரம்மா வேலைக்கு வருவதில்லை. வேறொருத்தியை வைப்பதில்லை என்று நான் தீர்மானித்திருக்கிறேன். சோதனைக்கு எடுத்தது போக டின்னில் மீதமிருந்த தூளை நனைத்துப் புதைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை அதைப் பக்கெட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். அது நனையவில்லை. தண்ணீரின்மேல் பொன்னிறமாக, உலர்ந்தபடியே மிதந்தது. என் கணவர் படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழங்கை வரை கையை விட்டு அதை அழுத்தினேன். அழுத்திய இடத்தில் அமிழ்ந்து, விரல்களுக்கிடையே மீண்டும் மேலே வந்தது.