நாற்பதைத் தாண்டாத வண்டி

பன்னிரண்டு நாள்! நாலே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன வேலைக்குப் பன்னிரண்டு நாள். மெக்கானிக் அன்வர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆகிவிட்டது. விடிந்தால் நவநீதன் கல்யாண மண்டபத்துக்கு வாழையிலை கொண்டுபோயாக வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ரெங்கம்மாள் போன முகூர்த்தத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "தம்பி, முதல் பந்தி ஆறரைக்கு. நீங்க ஏழு மணிக்கு இலையத் தூக்கிட்டு வந்தா நான் எதுல பரிமாறுறது? இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளப் பார்த்துக்கறேன்."

அவள் கைவிட்டால் அவன் தோட்டத்து இலையில் பாதி வாழையிலேயே கிழிந்து தொங்கும். அவளுக்கோ அன்றைக்கு அறுத்த இலைதான் வேண்டும். அறுத்துக் கட்டி ஏற்ற ஐந்து மணியாகிவிடும். தொட்டியத்திலிருந்து கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர். இரண்டு கட்டு இலையை ஏற்றினால் அவனுடைய நூறு சிசி வண்டி முக்கி முனகி முப்பத்தைந்தில் போகும். அதனால்தான் பெரிய பிஸ்டன் போட்டு நூற்றைம்பது சிசி ஆக்கித் தரச் சொன்னான்.

"சும்மா பறக்கும் பாருங்கண்ணே," என்றான் அன்வர். "ஆனா முதல் ஐநூறு கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டாதீங்க. புது பிஸ்டன், பழகணும். சூடேறிச்சுன்னா சிலிண்டர்ல பிடிச்சுக்கும், வண்டி நின்னுடும்."

"பாய், வேகமாப் போகத்தானே இதைப் போட்டதே! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"முன்னாடியே குடுத்திருந்தா ஓட்டிப் பழக்கியிருப்பீங்க. சாமான் வர லேட்டாயிடுச்சுண்ணே."

லேட்டாயிடுச்சாம்! நவநீதன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மறுநாள் விடிகாலை ஐந்தடித்து ஐந்து நிமிஷத்துக்குக் கிளம்பினான். முள் நாற்பதில் நின்றது. பால் வண்டி முந்தியது. மொபெட்டில் கோழிக்கூடை கட்டிய கிழவர் ஒருவர் முந்தினார், திரும்பிப் பார்த்து வேறு போனார். முசிறி தாண்டுகிற வரை அன்வரைத் திட்டினான். அப்புறம் பிஸ்டனைத் திட்டினான். குணசீலத்தில் மணி பார்த்தான். இப்படியே போனால் ஐந்து நிமிஷம் பிந்தும். வெறும் ஐந்து நிமிஷம்!

"போடா நீயும் உன் நாற்பதும்," என்று ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

அடேயப்பா! அறுபது, அறுபத்தைந்து. முதுகுக்குப் பின்னால் சுமையே இல்லாத மாதிரி வண்டி ஓடியது. பன்னிரண்டு வருஷமாக இப்படி ஒரு ஓட்டம் ஓட்டியதில்லை. சந்தோஷத்தில் அன்வரைக்கூட மன்னித்துவிட்டான். டோல்கேட்டுக்கு முன்னால் எஞ்சின் கீச்சென்று கத்தியது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு தேய்ந்து நின்றது. உதைத்தான். உதைக்கிற கட்டை கீழே இறங்கவே இல்லை.

வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மூன்று ஆட்டோக்காரர்களிடம் கெஞ்சி, நாலாவது ஆட்டோவில் கட்டுகளோடு மண்டபத்துக்கு வந்தபோது ஏழாகப் பத்து நிமிஷம். முதல் பந்தி பாதி சாப்பிட்டிருந்தது. எல்லார் முன்னாலும் பச்சைப்பசேலென்று வாழையிலை.

"இது யார் இலை அக்கா?"

"சவரிராஜோடது. உங்க பக்கத்துத் தோட்டந்தானே? எதுக்கும் இருக்கட்டும்னு நேத்தே சொல்லி வச்சேன். ஆறே காலுக்கே இறக்கிட்டாரு."

"எதுல வந்தாரு?"

"பஸ்லதான்," என்றாள் ரெங்கம்மாள். "இனிமே அவரே கொண்டாரட்டும் தம்பி. தப்பா நினைக்காதீங்க."

பஸ். தினமும் அவன் தோட்டத்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற பஸ். நவநீதனுக்குத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்க கட்டுகளையும் இறக்குங்க, மத்தியானத்துக்கு ஆகும். சாப்பிட்டுட்டுப் போங்க," என்று அவனை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தாள். முன்னால் இலை விழுந்தது. நல்ல இலை. ஒரு கிழிசல் இல்லை, நுனி கருகவில்லை. குறை சொல்ல எதையாவது தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. கண் கலங்கியது. தலையைக் குனிந்து தண்ணீர் தெளித்துத் துடைத்தான்.

"பொங்கல் வைக்கட்டுங்களா?"

"வைங்க," என்றான்.