தானா மாத்திக்கிற பெட்டி

பிளக்கைச் சொருகியதும் ஐஸ் பெட்டி ஒருமுறை உறுமி, குலுங்கி, அடங்கிப்போனது. உள்ளே படுத்திருந்தவரின் தலை லேசாக ஆடியதைப் பார்த்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து வந்தாள்.

"மெதுவாப்பா."

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. கரண்ட்டு பத்தல," என்றார் பெட்டிக்காரர். "இந்த வோல்டேஜ்ல மோட்டார் எடுக்காது. ஜெனரேட்டரும் காலையிலதான் கெடைக்கும். பேசாம இன்னைக்கே எடுத்துருங்க."

"மக வரணும். விடிஞ்சாதான் அவ பஸ்ஸு வரும். அவ மொகம் பாக்காம எடுக்க முடியாது."

காலையில் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பழைய இரும்புக் கடை வேலைக்குப் போன மனுஷன். லாரிக்கு இரும்பு ஏற்றிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குது என்று தராசு மேடையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான். தூக்க வந்தவர்கள் பார்த்தபோது தராசு முள் அவர் எடையைக் காட்டிக்கொண்டு நின்றதாம்.

அவள் தன் தம்பியைக் கூப்பிட்டாள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் அவன்.

"கட்டில் தலைமாட்டுல இருக்கே, ஃபிரிட்ஜுக்கு உங்க மாமா செஞ்ச ஸ்டெபிலைசர் பெட்டி. இந்த ஒயரை அதுல சொருகு."

"அந்த பிஸ்கட் டின்னா? அக்கா, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவரு அதுக்கெல்லாம் என்னிக்குக் கவலைப்பட்டாரு?"

உடைக்க வந்த டிவியிலிருந்தும் செத்துப்போன யூபிஎஸ்ஸிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து அவர் கட்டிய பெட்டி. பெரிய பிஸ்கட் டின்தான் கூடு. முகப்பில் பேட்டரி சார்ஜரிலிருந்து கழற்றிய முள் மீட்டர். பக்கவாட்டில் பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகு. குறைந்த வோல்டேஜில் ஃபிரிட்ஜ் மோட்டார் எரிந்து அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, கடையில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கித் தருகிறேன் என்றான் தம்பி. மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடையில விக்கிறது என்ன வானத்துலேர்ந்தா குதிச்சுது? நான் செஞ்சு காட்டறேன். கரண்ட்டு ஏறினாலும் எறங்கினாலும் தானா மாத்திக்கும், பாரு." அன்றிலிருந்து தம்பி அதற்கு வைத்த பெயர், மாமாவோட ரெண்டாவது சம்சாரம். அது அவருடைய கட்டில் தலைமாட்டிலேயே இருந்ததால் பெயரும் நிலைத்துவிட்டது.

தம்பி அதைத் தூக்கி வந்து ஸ்டூலில் வைத்து இணைத்தான். ஐஸ் பெட்டி முனகியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. பெட்டிக்காரர் முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே," என்றார். அவள் முந்தானையால் டின்னின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள்.

இருட்ட ஆரம்பித்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்குப் போட்டார்கள். முள் சாய்ந்தது. ஐஸ் பெட்டி மறுபடியும் இழுத்து இழுத்து மூச்சுவிட்டது.

"அக்கா, எறங்குது."

"இரு. தானா மாத்திக்கும். டக்குனு ஒரு சத்தம் வரும்."

காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. தம்பி பிளக்கைப் பிடுங்கிவிட்டு டின்னின் மூடியைத் திறந்தான். ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"தானா மாத்தறதுக்கு ரிலே வேணும்க்கா. வெச்சிருக்காரு. நாலஞ்சு மாத்தி மாத்தி வெச்சுப் பாத்திருக்காரு போல. எல்லாம் கருகிக் கெடக்கு. ஒயரைக் கழட்டி விட்டுட்டாரு." ரேடியோத் திருகைத் தொட்டான். "எல்லா ஒயரும் இதுக்குத்தான் போகுது. கையால திருப்பினாத்தான் மாறும்."

"அது அழகுக்கு வெச்சதுன்னாரே. தொடாதேன்னாரு."

தம்பி மூடியை மூடி, மறுபடி சொருகி, திருகை ஒரு கட்டம் திருப்பினான். டக். முள் நிமிர்ந்தது. ஐஸ் பெட்டி சீரானது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் அடுப்படியில் நிற்கும்போது கேட்கும். கூடவே முன்னறையிலிருந்து அவர் குரலும் வரும். "கேட்டியா? தானா மாத்திக்குது." விடிவதற்கு முன்னால், தண்ணி குடிக்கிறேன் என்று அவர் எழுந்திருக்கும்போதும் கேட்கும். சொம்பு காலையில் அப்படியே நிறைந்திருக்கும். அவள் அதை யோசித்ததில்லை.

"என் கல்யாணத்தன்னிக்கே பந்தி முடியறதுக்குள்ள, இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்னு பஸ் ஏறிட்டாரு," என்றான் தம்பி. "என்மேல ஏதோ கோவம்னு நெனச்சிட்டிருந்தேன் இவ்வளவு நாளா."

அவளும்தான் நினைத்திருந்தாள். எந்த விசேஷத்துக்கும் அவள் தனியாகத்தான் தங்கினாள். எங்க ஆளுங்கன்னா உங்களுக்கு எளக்காரம் என்று சண்டை பிடித்திருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு ராத்திரி அந்த டின்னை நிறுத்திவிட்டு அவளோடு வந்து தங்கியிருக்கலாம். வந்திருந்தால், ஏன் நிறுத்தினீங்க என்று அவள் கேட்டிருப்பாள்.

"திருட்டு மனுஷன்," என்றாள் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைப் பார்த்து.

"நான் ஒக்காந்துக்கறேன். நீ கொஞ்சம் படுக்கா."

"நீ போய்ப் படு. எனக்குத் தெரியும் எப்போ எறங்கும், எப்போ ஏறும்னு. இத்தனை வருஷம் காதால கேட்டிருக்கேன்."

டின் இருந்த ஸ்டூலை அவர் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு, பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முள் சாய்ந்தபோது ஏற்றினாள். தெரு அடங்கி முள் நிமிர்ந்தபோது இறக்கினாள்.

மகள் வந்தபோது வெளியே வெளுத்திருந்தது. பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தவள், கண்ணாடியில் முகத்தை வைத்து அழுதாள். அழுது ஓய்ந்து, பக்கத்தில் இருந்த டின்னைப் பார்த்தாள்.

"அப்பாவோட பெட்டியிலயா ஓடுது?"

"ஆமா."

"ராத்திரி பூராவா?"

தெருவிளக்குகள் அணைந்தன. முள் மேலே நகர்ந்தது. அவள் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி கையைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனாள். டக்.

"கேட்டியா?" என்றாள் மகளிடம். "தானா மாத்திக்குது."

வாசற்படியில் நின்றிருந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினான்.